ஜெபிக்க வாய் வராத காலம்

கேள்வி:

போதகர் ஐயாவுக்கு ஸ்தோத்திரம். நான் திருகோணமலையில் கடற்கரைப் பக்கம் இருக்கிறேன். பெயர் போட வேண்டாம். கணவர் கடலுக்குப் போகிறவர். போன வருஷம் அவருக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் இழுத்துவிட்டது. வயது 46தான். இப்போது சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கிறார், ஆனால் வலை இழுக்க ஏலாது. படகு இன்ஜினை விற்றோம். நகை அடகில் இருக்கிறது. நுண்கடன் இரண்டு இடத்தில் எடுத்தோம், கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கிறார்கள். மூத்தவன் இந்த வருஷம் ஓ.எல். பரீட்சை எழுத வேண்டும். "படிப்பை விட்டுட்டு மாமாவோட கடலுக்குப் போறன்" என்கிறான்.

சபையில் எங்களுக்காக ஜெபித்தார்கள், உபவாசமும் இருந்தோம். ஒன்றும் மாறவில்லை. ஜெபக்கூட்டத்தில் ஒரு சகோதரி, "வீட்டில் அறிக்கை செய்யாத பாவம் ஏதோ இருக்கு" என்றார். வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் ஒருவர், மாத்திரையும் போட்டுக்கொண்டு சுகமும் கேட்பது அவிசுவாசம் என்றார். மிஞ்சியிருக்கிற சங்கிலியை 'விதையாக', அதாவது காணிக்கையாக, விதைத்தால் கர்த்தர் கதவைத் திறப்பார் என்றும் சொன்னார். அன்றிலிருந்து கணவர் மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை. எனக்கு ஜெபிக்க வாய் வருவதில்லை, முழங்காலில் நின்றால் கோபம்தான் வருகிறது. சில இரவுகளில், காலையில் கண் விழிக்காமல் இருந்தால் நல்லது என்றுகூட நினைப்பு வருகிறது. என் விசுவாசம் செத்துவிட்டதா? கர்த்தர் எங்களைக் கைவிட்டுவிட்டாரா? இன்னும் எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரி,

விசுவாசத்தைப் பற்றிய கேள்விகளுக்கு வருகிறேன். அதற்கு முன் மாத்திரை. கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு கணவரோடு நாளைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். எத்தனை நாள் போடாமல் விட்டார் என்பதை மறைக்காமல் சொல்லி, வைத்தியர் சொல்கிறபடி மறுபடி தொடங்குங்கள். பாரிசவாதம் ஒருமுறை வந்தவருக்கு இன்னொரு முறை வருகிற ஆபத்து உண்டு. பிரஷர் மாத்திரையைத் தன்பாட்டில் நிறுத்தினால் அந்த ஆபத்து இன்னும் கூடும். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, கை தூக்க முடியாமல் போனாலோ, ஜெபிக்க ஆள் கூப்பிட்டு நேரத்தைப் போக்காமல் உடனே 1990க்கு அடியுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம். போகிற வழியில் ஜெபித்துக்கொள்ளலாம்.

அடுத்தது, இரவில் வருகிற அந்த நினைப்பு. அதை ஒளிக்காமல் எழுதினீர்களே, அதற்கு நன்றி. எலியா தீர்க்கதரிசிக்கும் அது வந்தது. கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்ணால் கண்ட மனிதர், அடுத்த அதிகாரத்திலேயே ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். தேவதூதன் வந்தபோது அவரைக் கண்டிக்கவில்லை. இவ்வளவு அற்புதம் கண்டவர் இப்படிப் பேசலாமா என்றும் கேட்கவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் தரமும் தட்டி எழுப்பிச் சாப்பிட வைத்தான். "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று சொன்னது அப்போதுதான்.

நீங்கள் எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிடுகிறீர்கள் என்பது கடிதத்தில் இல்லை. அவருக்கும் பிள்ளைகளுக்கும் போட்டுவிட்டு, சட்டியில் மிச்சம் இருந்தால் பார்ப்போம் என்று இருப்பீர்கள் என நினைக்கிறேன். உபவாசத்தை இப்போதைக்கு நிறுத்துங்கள். இதை ஒரு போதகராகவே சொல்கிறேன். அந்த நினைப்பு மறுபடி வந்தால் தனியே வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். 1926 என்பது தேசிய மனநல உதவி இலக்கம், இரவிலும் எடுக்கலாம். நினைப்பு பலமாகி, ஏதாவது செய்துகொள்வேனோ என்ற பயம் வந்தால், பக்கத்து வீட்டில் ஒருவரை எழுப்பி அவரோடு வைத்தியசாலைக்குப் போங்கள். மற்ற நாளில் கணவரின் கிளினிக்குக்குப் போகும்போது உங்களுக்கும் ஒரு துண்டு எடுத்து, தூக்கமில்லை, சாக வேண்டும் போல் இருக்கிறது என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். கணவரைப் பற்றியும் கேளுங்கள். பாரிசவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வும் வருகிறது. அதற்கு மருந்து உண்டு.

சரி, இப்போது உங்கள் கேள்விகள்.

கடல் தெரிந்த குடும்பம் நீங்கள், அதனால் அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்கிறேன். நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒருமுறை முழுதாக வாசியுங்கள், கணவருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். காற்றின் பெயர் முதல் கயிறு, பாய், நங்கூரம் வரை அதில் எழுதியிருப்பது அவருக்கு உங்களையும் என்னையும்விட நன்றாக விளங்கும்.

பவுலைக் கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுபோகிறார்கள். யூரோக்கிலிதோன் என்கிற காற்று பிடித்துக்கொள்கிறது. சரக்கைக் கடலில் எறிகிறார்கள், மூன்றாம் நாள் கப்பலின் தளவாடங்களையும் எறிகிறார்கள். (நீங்கள் இன்ஜினை விற்றதை வாசித்தபோது எனக்கு இந்த இடம்தான் ஞாபகம் வந்தது.) பல நாளாகச் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. அப்போது லூக்கா எழுதுகிறார்: "இனித் தப்பிப்பிழைப்போமென்னும் நம்பிக்கை முழுமையும் அற்றுப்போயிற்று." இதை எழுதிய லூக்கா அந்தக் கப்பலில் இருந்தவர். ஒரு சுவிசேஷத்தை எழுதிய கை இது. நம்பிக்கை அற்றுப்போனது என்று எழுத அவர் வெட்கப்படவில்லை. அப்படி அற்றுப்போனதால் தேவன் அந்தக் கப்பலை விட்டு இறங்கிப் போய்விடவும் இல்லை.

பதினான்காம் இரவு. நடுச்சாமத்தில் கரை கிட்டுகிறது என்று கப்பலாட்களுக்குத் தோன்றுகிறது. ஈயக்குண்டு விட்டு ஆழம் பார்க்கிறார்கள், இருபது பாகம். கொஞ்சம் தள்ளி மறுபடி பார்க்கிறார்கள், பதினைந்து பாகம். இருட்டில் பாறையில் மோதிவிடுவோமோ என்ற பயம். "பின்னணியத்திலிருந்து நாலு நங்கூரங்களைப்போட்டு, பொழுது எப்போது விடியுமோ என்றிருந்தார்கள்." அந்த இரவில் அவர்களால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். கப்பலை ஓட்ட முடியாது, காற்றை நிறுத்த முடியாது, கரை எங்கே என்றுகூடத் தெரியாது. இன்னும் அடித்துக்கொண்டு போகாமல் பிடித்து நிறுத்திவிட்டு, விடியட்டும் என்று இருந்தார்கள்.

சகோதரி, பொறுமையோடு காத்திருப்பது என்று வேதம் சொல்வதை நம் சபைகளில் பலர் முகம் மலர்ந்து, கை தூக்கி, சாட்சி சொல்லிக்கொண்டு இருப்பது என்று எண்ணிவிட்டார்கள். இந்த அதிகாரத்தில் அப்படி யாரும் இல்லை. பயந்தவர்கள், நனைந்தவர்கள், நாள்கணக்காகச் சாப்பிடாதவர்கள்தான் இருக்கிறார்கள். முழங்காலில் நின்றும் வாய் வராத நீங்கள் இன்னும் முழங்காலில் நிற்கிறீர்கள். யாரிடம் கோபமோ, அவரிடமே வந்து கோபப்படுகிறீர்கள். செத்த விசுவாசம் கோபப்படாது, அது ஞாயிற்றுக்கிழமை பாட்டையும் பாடிவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போய்விடும்.

இதே அதிகாரத்தில், அந்த ஊழியக்காரருக்குச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. ஒரு பிராணச்சேதமும் வராது என்று தேவதூதன் பவுலுக்கு முன்பே சொல்லியாகிவிட்டது. வாக்குத்தத்தம் கையில் இருக்கிறது. அதற்குப் பிறகும் ஆழம் பார்த்தார்கள், நங்கூரம் போட்டார்கள். நங்கூரம் போடுவது அவிசுவாசம் என்று பவுல் யாரையும் கண்டிக்கவில்லை. கப்பலாட்கள் சிறு படகில் ஏறித் தப்பப் பார்த்தபோது, இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் தப்பமாட்டீர்கள் என்று பவுல்தான் கைதிகளுக்குக் காவலாக வந்த படைத்தலைவனான நூற்றுக்கு அதிபதியை எச்சரிக்கிறார். பிறகு எல்லாரையும் சாப்பிடச் சொல்கிறார். தானே அப்பத்தை எடுத்து, எல்லார் முன்பாகவும் தேவனை ஸ்தோத்தரித்து, பிட்டுச் சாப்பிடுகிறார். 276 பேர் இருந்தார்களாம், எல்லாரும் சாப்பிட்டார்கள். தேவன் காப்பாற்றுவார் என்று உறுதியாகத் தெரிந்த மனிதரே ஆழம் பார்க்கவும் ஆள் நிற்கவும் சோறு தின்னவும் வேண்டும் என்றால், உங்கள் கணவர் பிரஷர் மாத்திரை போடுவதில் என்ன அவிசுவாசம் இருக்கிறது? பவுலோடு அந்தப் பயணத்தில் இருந்த லூக்காவே ஒரு வைத்தியர். கொலோசெயருக்கு எழுதும்போது பவுல் அவரைப் "பிரியமான வைத்தியனாகிய லூக்கா" என்றே சொல்கிறார். மாத்திரையைக் கையில் வைத்து, தண்ணீர் குடிக்க முன் அந்தப் பவுலைப்போலவே ஸ்தோத்திரம் சொல்லிப் போடச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கப்பல் தப்பவில்லை. விடிந்த பிறகு கரையைத் தேடி ஓட்டிய கப்பல் தட்டிக்கொண்டது, பின்பக்கம் அலையில் உடைந்தது. நீந்தத் தெரிந்தவர்கள் குதித்தார்கள், மற்றவர்கள் பலகைகளைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார்கள். உங்கள் கணவர் மறுபடி கடலுக்குப் போவாரா என்று எனக்குத் தெரியாது. போகாமலும் இருக்கலாம். ஒருவர்கூடச் சாகாமல் எல்லாரும் பிழைப்பார்கள் என்ற வாக்கும் அந்தக் கப்பலுக்குக் கொடுக்கப்பட்டது, அதைப் பிடுங்கி உங்கள் வீட்டுக்கு நான் எழுதித் தர முடியாது. எழுதித் தர முடிந்தது ரோமர் 8இன் முடிவில் இருக்கிறது. மரணமானாலும், ஜீவனானாலும், வேறெந்தச் சிருஷ்டியானாலும் கிறிஸ்து இயேசுவிலுள்ள தேவனுடைய அன்பைவிட்டு நம்மைப் பிரிக்கமாட்டாது என்று பவுல் எழுதியிருக்கிறார். இழுத்துப்போன வலக்கையும், அடகு ரசீதும், வாசலில் நிற்கும் கடன்காரரும் அந்தப் பட்டியலுக்குள் அடங்கியவைதான்.

எவ்வளவு காலம் என்று கேட்டீர்கள். 13ஆம் சங்கீதம் தொடங்குவதே அந்தக் கேள்வியோடுதான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" முதல் இரண்டு வசனத்தில் மட்டும் நான்கு தடவை 'எதுவரைக்கும்' வருகிறது. ஆறே வசனம். ஜெபிக்க வாய் வராத நாளில் இதைச் சத்தமாக வாசியுங்கள், அதுவே அன்றைய ஜெபம். கடைசி இரண்டு வசனம் துதியாக மாறுகிறது. அது உங்கள் வாயில் வராவிட்டால் நாலாம் வசனத்தோடு நிறுத்திவிடுங்கள். 88ஆம் சங்கீதம் கடைசிவரை துதியாக மாறவே இல்லை, எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்ற புலம்பலோடு முடிகிறது. அதுவும் பரிசுத்த வேதத்தில்தான் இருக்கிறது. சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படிப் புலம்பல்தான். நம் ஆராதனையில் அவற்றை வாசிக்காமல் தாண்டிப் போகிறோம், அதனால்தான் கஷ்டத்தில் இருப்பவர்களுக்குத் தங்கள் ஜெபம் வேதத்தில் இல்லை என்று தோன்றிவிடுகிறது. இது சபைகள் திருத்திக்கொள்ள வேண்டிய குறை.

காலக்கணக்கு என்னிடம் இல்லை. வாடை பிடித்துக் கடல் கொந்தளிக்கிற மாதங்களில் திருக்கடலூர்க் கரையில் வள்ளங்களை மேலே இழுத்து வைத்திருப்பார்கள், ஆட்கள் நிழலில் இருந்து வலை பொத்துவார்கள். கடல் செத்துவிட்டது என்று அங்கே யாரும் சொல்வதில்லை. மாசி, பங்குனியில் அடங்கும் என்ற கணக்கு அவர்களிடம் இருக்கிறது. உங்களுக்கு அந்தக் கணக்கு இல்லை, அதுதான் கஷ்டம். உங்கள்பேரில் நான் நினைத்திருப்பவை சமாதானத்துக்கேதுவான நினைவுகளே என்று கர்த்தர் சொல்கிற எரேமியா 29:11ஐ நம் வீடுகளில் படமாகத் தொங்கவிட்டிருக்கிறோம், நீங்களும் வைத்திருக்கலாம். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம். அதற்கு முந்தின வசனத்தில் 70 வருஷம் என்று இருக்கிறது. அதற்கும் முன்னால், வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நாட்டி அதன் கனியைச் சாப்பிடுங்கள் என்று இருக்கிறது. சீக்கிரம் திரும்பிவிடுவீர்கள் என்று சொன்ன தீர்க்கதரிசிகள் அங்கேயும் இருந்தார்கள். கர்த்தர் அவர்களை அனுப்பவில்லை என்று எரேமியா எழுதினார். ஆகவே, 'அவர் எழும்பிக் கடலுக்குப் போகிற நாள் வரட்டும்' என்று எல்லாவற்றையும் தள்ளிப்போடாதீர்கள். கரையில் இருந்துகொண்டு செய்யக்கூடிய தொழில் என்ன என்று இப்போதே இரண்டு பேரும் கதையுங்கள். இடக்கையால் அவருக்கு என்ன செய்ய முடியும் என்று அவரிடமே கேளுங்கள். படகைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் அவருக்குத் தெரிந்தது அவரோடுதான் இருக்கிறது.

பாவம் ஏதோ இருக்கிறது என்று சொன்ன சகோதரியின் பேச்சை விட்டுவிடுங்கள். பிறவிக்குருடனைப் பார்த்துச் சீஷர்கள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். இவன் செய்த பாவமும் அல்ல, பெற்றவர்கள் செய்த பாவமும் அல்ல என்று இயேசு சொல்லிவிட்டார். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் கூட இருந்தார்கள், அதுவரை நன்றாகத்தான் செய்தார்கள். விளக்கம் சொல்லத் தொடங்கியதும் கெட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் மாவட்டத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ விளக்கம் சொன்னார்கள், நியாயத்தீர்ப்பு என்றுகூடச் சொன்னார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அவற்றில் ஒன்றும் உதவவில்லை. முகாமில் சோறு சமைத்துக் கொடுத்தவர்களைத்தான் இன்றைக்கும் நினைத்துச் சொல்கிறார்கள்.

சங்கிலியைக் கொடுக்காதீர்கள். ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்டதை உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். மாற்கு 12இல் அந்த விதவை வருவதற்குச் சற்று முன்னால், விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்கு நீண்ட ஜெபம்பண்ணுகிறவர்கள் அதிக ஆக்கினை அடைவார்கள் என்று இயேசு சொல்கிறார். அதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று பவுலும் காணிக்கையைப் பற்றி எழுதியிருக்கிறார். சுகத்துக்கு விலை பேசுகிறவரை மறுபடி வீட்டுக்குள் எடுக்க வேண்டாம்.

கடனுக்கு: எங்கே எவ்வளவு, கிழமைக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுக்க வேண்டாம். வைத்திய அறிக்கையின் பிரதியோடு அந்தந்தக் கிளைக்கு நேரே போய், தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். வாசலில் வந்து அவமானப்படுத்தினால் சட்ட உதவி ஆணைக்குழுவில் போய்ச் சொல்லலாம். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பார்த்து, அஸ்வெசும என்கிற அரசாங்க உதவிப்பணம் பற்றியும் மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவு பற்றியும் கேளுங்கள். கணவர் இருந்த கடற்றொழிலாளர் சங்கத்திலும் கேட்டுப் பாருங்கள். தனியே போகாமல் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

மகன் ஓ.எல். எழுதட்டும். அவன் பாரம் சுமக்க முன்வந்ததை மெச்சிச் சொல்லுங்கள், அந்தப் பிள்ளையின் மனம் பெரியது. சனிக்கிழமையில் மாமாவுக்கு வலையில் மீன் கழற்ற உதவட்டும். பரீட்சை முடியும்வரை அதற்கு மேல் வேண்டாம்.

சபையாரிடம் இனி இன்னொரு உபவாச ஜெபம் கேட்க வேண்டாம், வேறு மூன்று காரியம் கேளுங்கள். உடற்பயிற்சி சிகிச்சைக்குக் கணவரைக் கூட்டிக்கொண்டு போக ஒரு ஆள், ஓட்டோக் காசு உட்பட. கடன்காரர் வருகிற நாளில் உங்களோடு வீட்டில் இருக்க ஒரு சகோதரி. மகனுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்க, படித்த வாலிபர் ஒருவர். கேட்க வெட்கமாக இருக்கும். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்லி வேதம் சபைக்குத்தான் கட்டளை கொடுத்திருக்கிறது, நீங்கள் கேட்பது உங்களுக்கு உரியதைத்தான்.

இந்தப் பதிலை உங்கள் போதகரிடம் காட்டுங்கள். மாத்திரை விஷயத்தை அவர் வீட்டுக்கு வந்து கணவரிடம் நேரில் பேச வேண்டும். ஒரு ஊழியக்காரர் சொல்லித்தான் அவர் நிறுத்தினார், இன்னொரு ஊழியக்காரர் பக்கத்தில் இருந்து சொன்னால்தான் தயக்கமில்லாமல் தொடங்குவார். கிளினிக்கில் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.